அன்று நாம் கல்கத்தாவுக்குப் போனோம்... இன்று அவர்கள் சிவகாசிக்கு வருகிறார்கள்!

1922-ம் ஆண்டு. வானம் பார்த்த கரிசல் பூமியிலிருந்து இரண்டு இளைஞர்கள் ரயிலேறினார்கள். போய்ச் சேர்ந்த ஊர் கல்கத்தா. அந்த ஊரின் மொழி தெரியாது. கற்கப் போன தொழிலும் புதிது. தீப்பெட்டி செய்யும் நுட்பத்தைச் சில மாதங்கள் அங்கேயே தங்கிக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அய்ய நாடார், சண்முக நாடார் என்ற அந்த இருவர் கொண்டுவந்த தொழில்தான் சிவகாசியின் தலையெழுத்தை மாற்றியது. தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து பட்டாசு, லேபிள் ஒட்டத் தொடங்கி அச்சகம் என ஊர் வளர்ந்தது. 'குட்டி ஜப்பான்' என்று நேரு சொன்னதாக இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

அந்தப் பயணம் நடந்து சுமார் நூறு ஆண்டுகள் கழித்து, 2023 மார்ச் முதல் வாரத்தில், தமிழ்நாட்டின் ரயில் நிலையங்களில் வேறொரு காட்சி. பெட்டி, படுக்கையைத் தூக்கிக்கொண்டு வடமாநிலத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். ஹோலிப் பண்டிகைக்காகப் போகிறவர்கள் பலர். பயந்துபோய்க் கிளம்பியவர்கள் சிலர். யார் எதற்காகப் போகிறார், போனவர் திரும்பி வருவாரா என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள் தொழிற்சாலை முதலாளிகள்.

அந்த வாரத்தில்தான் வழக்கமாக நடக்காத ஒன்று நடந்தது. வரி, மின்கட்டணம், நூல் விலை தவிர வேறெதைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசாத தொழிலதிபர்கள், மனிதர்களைப் பற்றிப் பேசினார்கள்!

ஒரு வாட்ஸ்அப் வீடியோ... ஒரு மாநிலத்தின் பதற்றம்

நடந்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று சில வீடியோக்கள் வடமாநிலங்களில் பரவின. பீகார் சட்டமன்றத்தில் அமளி ஏற்பட்டது. பீகார் முதல்வர் நிதிஷ் குமார் கவலை தெரிவித்தார். அப்போதைய தமிழக டி.ஜி.பி சைலேந்திர பாபு உடனடியாக வீடியோ வெளியிட்டு, அவை பொய்யானவை என்று விளக்கினார். பரவிய வீடியோக்களில் ஒன்று, பீகார் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்குள்ளேயே நடந்த பழைய மோதல். இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்கு இடையிலான தகராறு.

முதல்வர் ஸ்டாலின் நிதிஷ் குமாரிடம் தொலைபேசியில் பேசினார். வதந்தி பரப்புகிறவர்கள் நாட்டின் ஒற்றுமைக்கே எதிரானவர்கள் என்று கண்டித்தார். பிறகு நெல்லை மாவட்டம் காவல்கிணறில் கையுறை தயாரிக்கும் ஆலைக்கே போய், அங்கே வேலை செய்த வடமாநிலத் தொழிலாளர்களிடம் நேரில் பேசினார். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு ஒன்று வந்து சென்னை, திருப்பூர், கோவை என்று நிலைமையைப் பார்த்துவிட்டுப் போனது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், பீகார் அரசில் பணியாற்றும் ஐ.ஏ.எஸ் அதிகாரி பாலமுருகன். பெயரைப் பார்த்தாலே புரியும். தமிழர் ஒருவர் பீகாரில் அதிகாரியாக இருக்க முடிகிறது, பீகாரி ஒருவர் திருப்பூரில் தையல் மெஷினில் உட்கார முடிகிறது. இந்த நாடு அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

வதந்தி பரப்பியவர்கள்மீது வழக்குகள் பாய்ந்தன. பீகாரைச் சேர்ந்த யூடியூபர் மணீஷ் காஷ்யப் கைதாகி, மதுரையில் தேசிய பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் அடைக்கப்பட்டார்.

காவல்துறையும் அரசும் பேசியது எதிர்பார்த்ததுதான். திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கத்திலிருந்து கோவைத் தொழில் அமைப்புகள் வரை, 'இவர்கள் எங்கள் தொழிலாளர்கள், இவர்களின் பாதுகாப்புக்கு நாங்கள் பொறுப்பு' என்ற பொருளில் முதலாளிகளும் பேசியதுதான் புதிது. ஆலைக்குள் கூட்டம் போட்டு, இந்தி தெரிந்த சூப்பர்வைசரை வைத்து, தைரியம் சொன்னார்கள். காவல்துறை அறிவித்த உதவி எண்களை விடுதிச் சுவர்களில் ஒட்டினார்கள். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று சொல்லச் சொன்னார்கள். அம்மா நம்பினால்தானே மகன் தங்குவான்!

பேசியதில் சுயநலம் இல்லையா?

இருந்தது. மறைக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் திருப்பூரில் ஒரு வாரம் தையல் நின்றால், கப்பல் தவறும். கப்பல் தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டும். லாபம் அதிலேயே கரைந்துபோகும். தமிழ்நாட்டில் 10.67 லட்சம் வடமாநிலத் தொழிலாளர்கள் இருப்பதாக சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன்பே தொழிலாளர் துறையின் ஆய்வு கணக்கிட்டது. இத்தனை பேரும் மூட்டையைக் கட்டினால் கட்டடம், ஓட்டல், நூற்பாலை, ஃபவுண்டரி எல்லாம் முடங்கும்.

கொரோனா ஊரடங்கில் இதை ஒருமுறை அனுபவித்துவிட்டார்கள். 2020-ல் சொந்த ஊருக்கு நடந்தே கிளம்பியவர்களை நாடு பார்த்தது. அவர்கள் திரும்பி வர ரயில் டிக்கெட் மட்டுமல்ல, விமான டிக்கெட்கூட எடுத்துக் கொடுத்த முதலாளிகள் தமிழ்நாட்டில் உண்டு.

உலகத்திலும் இதே கதைதான். 2017 ஜனவரியில் சில நாட்டு மக்கள் அமெரிக்காவுக்குள் வர ட்ரம்ப் தடை விதித்தபோது, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் உட்பட கிட்டத்தட்ட 100 நிறுவனங்கள் அதற்கு எதிராக நீதிமன்றத்தில் மனு கொடுத்தன. 2024 தொடக்கத்தில், குடியேறியவர்களைக் கூட்டமாக வெளியேற்றும் திட்டம் பற்றித் தீவிர வலதுசாரிகள் ரகசியமாகப் பேசியது அம்பலமானபோது, ஜெர்மனியின் தொழில்துறைத் தலைவர்கள் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். இங்கெல்லாம் பேசியவர்களுக்குக் கொள்கையும் இருந்தது, ஆள் தேவையும் இருந்தது.

ஆக, சுயநலம் கலந்திருப்பதால் அந்தப் பேச்சு பொய்யாகிவிடாது. ஆனால், சுயநலத்தோடு நின்றுவிட்டால் அது பாதிப் பேச்சு. மீதிப் பாதி என்ன என்பதை விருதுநகர் மாவட்டத்தின் சொந்த வரலாறே சொல்லிக் கொடுக்கும்.

வந்தவர்கள் கட்டிய ஊர்கள்

சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை உள்ளிட்ட ஊர்களின் வணிகம் வளர்ந்ததே வெளியூரிலிருந்து வந்தவர்களால்தான். தெற்கே தேரிக்காட்டுப் பகுதிகளிலிருந்து மாட்டு வண்டிகளில் கருப்பட்டியும் கருவாடும் ஏற்றிவந்த நாடார் சமூகத்தினர், 19-ம் நூற்றாண்டில் இந்த ஊர்களில் பேட்டை அமைத்துத் தங்கினார்கள். அந்நியர்களாகவே பார்க்கப்பட்டார்கள். அவர்களின் வளர்ச்சியும், கோயில் நுழைவு உரிமைக் கோரிக்கையும் பகையை வளர்த்தன. 1899-ல் நடந்த சிவகாசிக் கலவரத்தில் வீடுகள் கொளுத்தப்பட்டன, கடைகள் சூறையாடப்பட்டன, உயிர்கள் போயின. வெளியே இருந்து வந்தவன்மீது ஊர் திரும்பினால் என்ன நடக்கும் என்பதைப் புத்தகத்தில் படிக்க வேண்டிய அவசியமில்லாத ஊர் சிவகாசி.

அதற்கு அவர்கள் தேடிய பதில் கவனிக்க வேண்டியது. வியாபாரத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையை 'மகமை' என்று ஒதுக்கிப் பொது நிதி சேர்த்தார்கள். விருதுநகரில் 1880-களின் கடைசியில் க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளி எழுந்தது. வீட்டுக்கு வீடு பானையிலிருந்து எடுத்து வைத்த 'பிடி அரிசி' அந்தப் பள்ளியை நடத்த உதவியது. அந்தப் பள்ளியில் படித்த ஒரு சிறுவன்தான் பிற்காலத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் மதிய உணவு போட்டார். காமராஜரும் ஒருவகையில் 'புலம்பெயர்ந்த தொழிலாளி'தான். சிறுவயதில் மாமாவின் மரக்கடையில் வேலை பார்க்க, மலையாளம் பேசும் திருவனந்தபுரத்துக்கு அனுப்பப்பட்டவர் அவர்.

இதே விருதுநகர் மண்ணின் மைந்தர்தான் சங்கரலிங்கனார். 'தமிழ்நாடு' என்று பெயர் சூட்டச் சொல்லி 1956-ல் 76 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிரையே விட்டவர். ஒருவர் தமிழ்நாடு என்ற பெயருக்காக உயிர் கொடுத்தார். இன்னொருவர் இந்தியாவுக்குப் பிரதமர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். இரண்டு பேரும் ஒரே ஊர். தமிழ் உணர்வும் தேச ஒற்றுமையும் ஒன்றை ஒன்று தின்றுவிடும் என்று பயப்படுகிறவர்கள், விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு எண்ணெய் புரோட்டா சாப்பிட்டுவிட்டு இதை யோசிக்கலாம்.

நாக்பூரில் உரிமம், பாட்னாவில் வெடிச் சத்தம்

இந்தியாவின் பட்டாசில் மிகப் பெரும்பகுதி சிவகாசி வட்டாரத்தில் தயாராகிறது. அதில் பெரும்பகுதியை வாங்குவது வடமாநிலங்கள்தான். நமக்குத் தீபாவளி ஒரு நாள். அங்கே தந்தேரஸில் தொடங்கி சத் பூஜை வரை வெடி உண்டு. கல்யாண ஊர்வலத்துக்கும் வெடி, கிரிக்கெட் ஜெயித்தாலும் வெடி, தேர்தல் முடிவுக்கும் வெடி. சிவகாசி அச்சகங்களில் இந்தியிலும் வங்காளத்திலும் காலண்டர் ஓடும். பெரிய ஆலைகளுக்கு உரிமம் தரும் வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் தலைமை அலுவலகம் இருப்பது நாக்பூரில். அதனால்தான் 'நாக்பூர் லைசென்ஸ்' என்ற சொல் இங்கே டீக்கடைப் பேச்சில்கூடச் சாதாரணம்.

டெல்லியில் ஒரு தீர்ப்பு வந்தால் சிவகாசியில் அடுப்பு அணையும். 2018 அக்டோபர் 23-ல் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அடுத்த மாதமே ஆலைகள் கதவைச் சாத்திப் போராடின. மாதக்கணக்கில் வேலையில்லாமல் பட்டாசுத் தொழிலாளர்கள் தவித்தார்கள். அப்போது இங்குள்ள உற்பத்தியாளர்கள் நாடு முழுவதும் போய்ச் சொன்னது என்ன? 'டெல்லியின் புகையை மட்டும் பார்க்காதீர்கள். எங்கோ ஒரு மூலையில் இந்தத் தொழிலை நம்பி லட்சக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களும் இந்த நாட்டு மக்கள்தான்' என்பதுதான் அந்த வாதத்தின் சாரம். 2025 தீபாவளிக்கு டெல்லியில் பசுமைப் பட்டாசுக்கு உச்ச நீதிமன்றம் சில நாள்கள் அனுமதி தந்தபோது, சிவகாசி கொஞ்சம் மூச்சுவிட்டது.

டெல்லிக்காரர் நம்மை மனதில் வைத்து யோசிக்க வேண்டும் என்று கேட்பது நியாயம். அதே நியாயத்தை, பீகாரிலிருந்து வந்து நம் ஊரில் வேலை பார்ப்பவருக்கும் நாம் தரவேண்டும் அல்லவா?

நாமும் 'அவர்கள்'தான்

'வடக்கன்' என்று கேலியாகச் சொல்லும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். வேறு ஊர்களில் நமக்கும் இப்படிப் பட்டப்பெயர்கள் இருந்தன. 1966-ல் மும்பையில் சிவசேனா தொடங்கப்பட்டபோது, அதன் முதல் குறி தென்னிந்தியர்கள்தான். தாராவியில் குடியேறிய நெல்லைக்காரர்களும், ஆபீஸ்களில் டைப்பிஸ்ட்டாகப் போன தமிழர்களும், வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்று தூற்றப்பட்டார்கள். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்னையில் பெங்களூருத் தமிழர்கள் தாக்கப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் உடுத்திய துணியோடு எல்லை தாண்டி வந்தார்கள்.

இன்னொரு சம்பவம் பட்டாசோடு சம்பந்தப்பட்டது. 2023 அக்டோபர் 7-ம் தேதி, கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையும் குடோனும் தீப்பிடித்தன. 14-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்நாட்டு இளைஞர்கள். தர்மபுரி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து தீபாவளி சீசன் வேலைக்குப் போனவர்கள். படிப்புச் செலவுக்குக் கொஞ்சம் பணம் சேர்க்கலாம் என்று போன மாணவர்களும் அதில் இருந்தார்கள். இரண்டு மாநில அரசுகளும் நிவாரணம் அறிவித்தன.

மார்ச் மாதம் பீகார் அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளுக்காகப் பயந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், வெளிமாநிலம் போன பிள்ளைகளின் உடல்களை நம் அம்மாக்கள் வாங்கினார்கள். ஏழு மாத இடைவெளிதான்.

உள்ளூர்த் தொழிலாளி கேட்பதும் நியாயம்தானே?

இங்கே ஒரு தரப்பை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. வடமாநிலத் தொழிலாளர் வருகையைப் பற்றிக் கோபப்படும் எல்லோரும் வெறுப்பு பிடித்தவர்கள் அல்ல. 'எட்டு மணி நேர வேலைக்கு நான் கேட்கும் கூலியை, அவன் பன்னிரண்டு மணி நேரத்துக்கு வாங்கிக்கொள்கிறான். அப்புறம் என்னை யார் கூப்பிடுவார்கள்?' என்று உள்ளூர்த் தொழிலாளி கேட்டால், அது பொருளாதாரக் கேள்வி. அதற்கு 'நாமெல்லாம் இந்தியர்கள்' என்பது பதிலாகாது.

சட்டம் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. ஒரே வேலைக்கு உள்ளூர்க்காரருக்கு என்ன கூலியோ, அதற்குக் குறையாமல் வெளிமாநிலத்தவருக்கும் தரவேண்டும் என்று 1979-ம் ஆண்டின் மாநிலங்களுக்கு இடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் சொன்னது. தங்குமிடம், மருத்துவம், ஊருக்குப் போய்வர பயணப்படி என எல்லாவற்றையும் அது பட்டியல் போட்டது. இப்போது அந்தச் சட்டம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. ஆண்டுக்கொரு முறை ஊருக்குப் போய்வரும் செலவைத் தரவேண்டும் என்ற கடமை அதிலும் இருக்கிறது.

ஆனால், கான்ட்ராக்டர் என்ற இடைத்தரகர் உள்ளே வரும்போது சட்டம் வெளியே போய்விடுகிறது. முதலாளி கொடுக்கும் பணத்தில் தொழிலாளியின் கைக்கு எவ்வளவு போகிறது என்பது பல இடங்களில் முதலாளிக்கே தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் உண்டு. இந்த இடைவெளிதான் உள்ளூர்க்காரரின் கூலியையும் கீழே இழுக்கிறது, வந்தவரையும் ஏமாற்றுகிறது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்க, நடுவில் லாபம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

சிவகாசிப் பகுதிக்கு இதில் கூடுதலாக ஓர் ஆபத்து. பட்டாசு ஆலைகளில் இன்னமும் பெரும்பான்மை உள்ளூர் மக்கள்தான், அதிலும் பெண்கள்தான். ஆனால், அவர்களின் பிள்ளைகள் படித்துவிட்டு ஆலைக்கு வர மறுக்கிறார்கள். வரக்கூடாது என்றுதான் அந்த அம்மாக்களும் மருந்துக் கையோடு படிக்க வைத்தார்கள். ஆள் குறையக் குறைய, வெளியூர் ஆட்களைத் தேடுவது நடக்கத்தான் செய்யும்.

இந்த வட்டாரத்தில் ஒரு சிறு உராய்வு போதும், உயிர் போக. 2012 செப்டம்பரில் முதலிபட்டி, 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் என்று பட்டியல் நீண்டது. அச்சங்குளத்தில் மட்டும் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் திரும்பத் திரும்பக் கேட்கும் காரணங்கள் உள்குத்தகை, அறைக்கு அனுமதித்ததைவிட அதிக ஆட்கள், அவசர வேலை. மருந்து கலக்கும் அறையின் சுவரில் எழுதியிருக்கும் எச்சரிக்கையைப் படிக்கத் தெரியாத ஒருவர் அங்கே நின்றால் என்னாகும்? அவர் பெயர் வருகைப் பதிவேட்டிலேயே இல்லையென்றால், இறந்தவர் யாரென்று எந்த ஊருக்குத் தகவல் சொல்வது? உள்குத்தகைக்காரர் ஓடிவிட்டால் இழப்பீட்டை யார் கையில் கொடுப்பது?

ஆகவே, இங்குள்ள முதலாளிகளுக்குத் தேச ஒற்றுமை என்பது மேடைப் பேச்சல்ல. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரும், சுவரில் இந்தியிலும் ஒடியாவிலும் ஒரு எச்சரிக்கைப் பலகையும்தான் அது.

காத்திருக்கும் 10,000 படுக்கைகள்

வதந்தி பரவிய அதே 2023 மார்ச் மாதத்தில் விருதுநகருக்கு ஒரு நல்ல செய்தியும் வந்தது. விருதுநகருக்கும் சாத்தூருக்கும் இடையே இ.குமாரலிங்கபுரத்தில், 1,052 ஏக்கரில் 'பி.எம். மித்ரா' ஜவுளிப் பூங்கா அமைக்கும் ஒப்பந்தம் மார்ச் 22-ம் தேதி சென்னையில் கையெழுத்தானது. மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்தும் திட்டம் இது. இப்படிப்பட்ட ஒவ்வொரு பூங்காவிலும் நேரடியாக ஒரு லட்சம் பேருக்கும், மறைமுகமாக இரண்டு லட்சம் பேருக்கும் வேலை கிடைக்கும் என்பது அரசின் எதிர்பார்ப்பு. விருதுநகர்ப் பூங்காவுக்கு 1,894 கோடி ரூபாய்க்கான திட்டத்துக்கு 2025-ல் ஒப்புதல் கிடைத்தது. அந்தத் திட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. தொழிலாளர்கள் தங்க 10,000 படுக்கைகள் கொண்ட விடுதி!

அந்தப் படுக்கைகளில் யார் படுப்பார்கள்? ராமநாதபுரத்துப் பெண்களும் தூத்துக்குடி இளைஞர்களும் வரலாம். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் நிச்சயம் வருவார்கள். தெற்கே ஒரு குட்டித் திருப்பூர் எழப் போகிறது. கரிசல் காட்டில் இதுவரை பார்க்காத அளவுக்கு வேறு மொழி பேசுகிறவர்கள் சந்தைக்கு வருவார்கள், டீக்கடையில் நிற்பார்கள், சாத்தூர் காராசேவு வாங்கி ஊருக்குக் கொண்டுபோவார்கள்.

அப்போது ஏதோ ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஏதோ ஒரு டீக்கடையில் சின்னத் தகராறு வரும். வராமல் இருக்காது. நான்கு பேர் கூடும் இடத்தில் சண்டை சகஜம். அதை யாரோ செல்போனில் எடுப்பார்கள். தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று வடக்கேயும், வடக்கர்கள் நம் பையனை அடிக்கிறார்கள் என்று தெற்கேயும் அது பரவும். அன்றைக்கு அறிக்கை விடுவதற்குப் பதிலாக, இன்றைக்கே சில வேலைகளை முடித்து வைத்திருந்தால், அந்த வீடியோ அன்றிரவே செத்துப்போகும்.

அந்த வேலைகள் பெரியவை அல்ல. பூங்காவில் ஆலை தொடங்கும் முதல் நாளிலிருந்தே, ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று உள்ளூர்க்காரருக்கும் வெளியூர்க்காரருக்கும் பொதுவாக எழுதி வாசலில் ஒட்டுவது. தரகர் வழியாகக் கொடுக்காமல், தொழிலாளியின் வங்கிக் கணக்கிலேயே போடுவது. ஒவ்வொருவர் பெயரையும் தொழிலாளர் துறையில் பதிவு செய்வது. இ.எஸ்.ஐ அட்டையை வேலைக்குச் சேர்ந்த மாதமே கையில் கொடுப்பது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழ்நாட்டில் 2020-லிருந்தே இருக்கிறது; அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது. மாலையில் அரை மணி நேரம் தமிழ் வகுப்பு நடத்துவது. 'அண்ணே', 'அக்கா' என்ற இரண்டு சொற்கள் தெரிந்தாலே பாதிச் சண்டை குறையும்.

பக்கத்துக் கிராமங்களின் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, சூப்பர்வைசர் வரைக்குமான வேலைகளில் அவர்களைக் கொண்டுவருவதும் இதே பட்டியலில் முதலிடத்தில் இருக்க வேண்டும். நிலமும் தண்ணீரும் கொடுத்த ஊருக்கு வேலை இல்லையென்றால், வந்தவர்கள்மீது கோபம் திரும்புவதை எந்த அறிக்கையாலும் தடுக்க முடியாது.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்கலாம். மூட்டைக்கு இத்தனை என்று மகமை வைத்துப் பள்ளிக்கூடம் கட்டிய ஊர் இது. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஊர் இது. வந்தவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் பொதுவாக ஒரு மகமை வைப்பது இந்த ஊர் வணிகர்களுக்குப் புதிய யோசனை அல்ல. மறந்துபோன பழைய வழக்கம்தான்.

1922-ல் கல்கத்தாவுக்குப் போன அந்த இரண்டு இளைஞர்களை 'எங்கிருந்தோ வந்த மதராஸிகள்' என்று அந்த ஊர் விரட்டியிருந்தால், இன்றைக்கு சிவகாசி எப்படி இருந்திருக்கும்? மழையை எதிர்பார்த்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கும்.

இன்றைக்கு பாட்னாவிலிருந்தோ கட்டாக்கிலிருந்தோ ரயிலேறிக்கொண்டிருக்கும் ஏதோ ஓர் இளைஞனும், ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு போய் அவன் ஊரின் தலையெழுத்தை மாற்றலாம். கற்றுக்கொண்ட இடம் எதுவென்று அங்கே யாராவது கேட்டால், விருதுநகர் ஜில்லா என்று அவன் மரியாதையாகச் சொல்ல வேண்டும். அதற்கு வழி செய்வது நம் முதலாளிகள் கையிலும், பக்கத்து டீக்கடையில் அவனுக்கு பெஞ்சில் இடம் விட்டு உட்காரும் நம் கையிலும் இருக்கிறது!